தையல் மிஷினுக்குப் பக்கத்தில் இருந்தவர்

செல்வி, குமாரு, இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து இதைப் படியுங்கள். பெரியப்பா படுத்திருந்த பின்கட்டு அறைப் பக்கம் போகக் கூடாது என்று உங்களை எத்தனையோ தரம் விரட்டியிருக்கிறேன். "ஏன் நைனா?" என்று கேட்டால், "போய்ப் படிங்க" என்பேன். அதற்கான பதிலை இப்போது எழுதுகிறேன். வீட்டில் இதே நோயோடு ஒருவரை வைத்திருப்பவர்கள் படித்தாலும் நல்லதுதான்.

சீனாக்காரனோடு சண்டை நடந்த வருடம் அது. நம் கயிற்றுக்கடைக்கு எதிரே ரேடியோவில் சேதி சொல்லிக்கொண்டிருந்தார்கள். அசாம் பக்கம் ஒரு ஊரே காலி செய்துகொண்டு போகிறதாம். பெரியப்பா கயிறு சுற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். பிறகு இருமல் வந்தது. துண்டில் சிவப்பாக ஏதோ இருந்தது.

"வெத்தல எச்சிடா" என்றார். அவர் வெற்றிலை போடுகிறவர் இல்லை.

விழுப்புரத்தில் எக்ஸ்ரே (உடம்பின் உள்ளே படம் பிடிப்பது) எடுத்தோம். காசம் (நுரையீரலைக் கிருமி அரிக்கும் நோய்) என்றார் டாக்டர். வலது பக்கத்தில் ஓட்டை விழுந்திருந்தது. தினமும் ஸ்ட்ரெப்டோமைசின் (காசக் கிருமியைக் கொல்லும் மருந்து) ஊசி. தனித் தட்டு, தனி டம்ளர். சளியைச் சாம்பல் போட்ட டப்பாவில் பிடித்து எரித்துவிட வேண்டும். உங்களை விரட்டியது இதனால்தான்.

பெரியப்பா கதை எழுதுகிறவர் என்று உங்களுக்குத் தெரியும். ஒன்பது கதைகள் வாரப் பத்திரிகைகளில் வந்திருக்கின்றன. எல்லாவற்றிலும் எங்காவது ஒரு தையல் மிஷின் நிற்கும், அதுவும் இருக்கக் கூடாத இடத்தில். ஏரிக்கரையில், மல்லாட்டை (நிலக்கடலை) போட்ட கொல்லை நடுவில், கோயில் படிக்கட்டில். தைக்கிறதற்கு ஆள் இருக்காது. நூலகக் கூட்டத்தில் ஒரு தமிழ் வாத்தியார் எழுந்து, அந்த மிஷின் இயந்திர நாகரிகத்தின் குறியீடு என்று அரைமணி நேரம் விளக்கினார். பெரியப்பா என் காதில், "எனக்கே இப்பத்தான்டா தெரியுது" என்றார். அப்படியென்றால் அது என்ன என்று கேட்டேன். "மிஷின்டா, வேற இன்னா" என்று சொல்லி வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

படுக்கையில் விழுந்த பிறகு பத்தாவது கதை எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அதிகமாகப் பேசக் கூடாது, அலட்டிக்கொள்ளக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் எட்டாவது படித்தவன். டாக்டர் சொன்னதை வேதமாக எடுத்துக்கொண்டேன். பென்சில், காகிதம் எல்லாவற்றையும் கடைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

"நாலு வரிடா. நான் சொல்றேன், நீ எழுது."

"டாக்டரு இன்னா சொன்னாரு? பேசக்கூடாதுன்னாரா இல்லியா?"

"டாக்டருக்கு மேல டாக்டரு நீ. ஒரு போர்டு எழுதி மாட்டிக்கோ."

ஆறு மாதத்தில் கொஞ்சம் சதை போட்டார். நாங்கள் நம்பினோம். அடுத்த மழைக்காலத்தில் இரத்தம் திரும்ப வந்தது. கிருமி இனி மருந்துக்கு மசியாது என்றார் டாக்டர். நான் என் பக்கத்தில் குறை இல்லை என்று காட்டுவதற்காக, "ஒரு வார்த்த பேச உடல சார். பென்சில் கூடக் கையில குடுக்கறதில்ல" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். "அலட்டிக்காம இருக்கட்டும்னுதான்யா சொன்னேன். பென்சில எவன் புடுங்கச் சொன்னது?"

அன்று மத்தியானமே எல்லாவற்றையும் எடுத்து வந்தேன். பெரியப்பா விரலில் பென்சில் நிற்கவில்லை. அவர் சொல்ல, நான் எழுதினேன். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் மூச்சுக்காகக் காத்திருந்தோம். மலைச்சரிவில் ஒரு தையல் மிஷின். அதற்குப் பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார்.

நான் எழுதுவதை நிறுத்தினேன். "ஆளா? யாருண்ணா அது?"

"தையக்காரரு. அனந்தபுரத்துக்காரரு. ரங்கூன்ல எங்க தெரு."

ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டபோது பெரியப்பா அங்கிருந்து காட்டு வழியாக நடந்தே வந்தவர். அவரோடு வந்தவர்தான் இந்தத் தையல்காரர். மிஷினைத் தலையில் சுமந்துகொண்டு வந்திருக்கிறார். வழியில் காய்ச்சல். ஒரு சரிவில் மிஷினை இறக்கி வைத்தார், பக்கத்தில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை.

"'நீ போ தம்பி, வந்துடறேன்'னாரு. வரமாட்டாருன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் வந்துட்டேன்." கொஞ்ச நேரம் இழுத்து இழுத்து மூச்சு விட்டார். "ஒவ்வொரு கதையிலயும் மிஷின் வரைக்கும் போயிடறேன்டா. ஆள எழுத வரல. இந்தத் தடவையாவது அவரு பேரப் போட்டு எழுதணும்."

"பேரு இன்னாண்ணா?"

இருமல் வந்துவிட்டது. எனக்குப் பயம். நெஞ்சைத் தடவிவிட்டு, "போதும், நாளைக்கு எழுதிக்கலாம்" என்றேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துத் தலையை ஆட்டினார். வேண்டாம், இப்போதே என்றுதான் சொல்லியிருப்பார். நான் காகிதத்தை மடித்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டார்.

எனக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள். சுத்தமாக இருக்கிறது. ஆனால் ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க எவ்வளவு மூச்சு வேண்டும் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. கடையில் யாராவது "நாளைக்கு வரேன்" என்றால், "இப்பவே சொல்லிட்டுப் போ" என்று நிறுத்திவைக்கிறேன். நோயாளி வீட்டுக்காரர்களுக்கு ஒன்று சொல்வேன். ஊசியைத் தவறவிடாதீர்கள். ஆனால் அவர் சொல்ல வருவதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

காரியம் முடிந்த பிறகு அனந்தபுரம் போய், சந்தையில் தைக்கிறவர்களிடம் விசாரித்தேன். ஒருவர் மிஷினை மிதித்துக்கொண்டே, "ரங்கூனுக்குப் போயி வராதவங்க எத்தினியோ பேரு. பேரு தெரியாம யாருன்னு சொல்றது?" என்று கேட்டார்.

செஞ்சிக்குத் திரும்பும் பஸ்ஸில் பாதி வழியில் இறங்கிவிட்டேன். அங்கே ஸ்டாப்பிங் கிடையாது. பாறைச் சரிவும் ரோடும்தான்.

"இன்னாய்யா இங்க எறங்கற? செஞ்சி வரலியா?" என்று கண்டக்டர் கத்தினார். போகச் சொல்லிக் கையைக் காட்டினேன். ரோட்டோரத்தில் தரையில் உட்கார்ந்தேன். பஸ் திருப்பத்தில் மறைந்து, புழுதி அடங்கிய பிறகும் எழுந்திருக்கவில்லை.