கொடி இறங்காத வருடம்

எங்கள் வேதக்கோவிலில் இருந்த மிக்கேல் சம்மனசு என்கிற தேவதூதர் பேயின் கழுத்தில் ஒரு காலை வைத்து நிற்பார். ஒரு கையில் வாள், இன்னொரு கையில் தராசு. கீழே கிடக்கும் பேய்க்கு முறுக்கு மீசையும் சிவந்த கண்ணும் வைத்திருந்தார்கள். அந்தப் பேயைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அப்பா ஞாபகம் வரும். அப்பாவுக்கோ சம்மனசைப் பார்த்தால்தான் தன் ஞாபகம் வரும். ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒரே சுரூபத்தை இரண்டு விதமாகக் கும்பிட்டோம்.

ஒக்கலிபுரத்தில், ரயில் பாதையை ஒட்டிய சந்தில் குடியிருந்தோம். அப்பா தங்கவயலில் சுரங்க வேலை பார்த்தவரின் மகன். பெங்களூருக்கு வந்து கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கினார். அந்தத் தோளுக்குக் கிடைத்த ஒரே மரியாதை, செப்டம்பர் திருவிழாவில் சம்மனசின் சப்பரத்துக்கு முன்தண்டு தூக்குவது. பின்னால் தூக்குகிறவன் கால் தடுக்கினால் சப்பரம் ஆடும், முன்னால் தூக்குகிறவன் தடுக்கினால் சம்மனசே விழுவார் என்பார்கள். அப்பா ஒரு தடவைகூடத் தடுக்கியதில்லை. வீட்டு வாசலில்தான் தடுக்குவார்.

சப்பரம் தூக்குகிறவர்கள் கொடியேற்றத்தன்று சுரூபத்தின் பீடத்தில் கை வைத்து வார்த்தை கொடுக்க வேண்டும். கொடி இறங்கும்வரை குடிப்பதில்லை, கறி தொடுவதில்லை, யார் மேலும் கை ஓங்குவதில்லை. சம்மனசைத் தூக்கும் கை சுத்தமாக இருக்க வேண்டுமாம். மீறினால் தோள் முறியும் என்று எல்லோரும் நம்பினார்கள். அப்பாவும் நம்பினார். மற்ற நாளெல்லாம் அந்தக் கை என்ன செய்தாலும் சம்மனசு கேட்க மாட்டார் என்பதையும் சேர்த்தே நம்பினார்.

என்ன செய்தது என்று சொல்லிவிடுகிறேன். குழம்பில் உப்பு கூடினால் அறை. கார்மெண்ட்ஸ் ஃபேக்டரியிலிருந்து அம்மா ஓவர்டைம் முடித்துத் தாமதமாக வந்தால் பெல்ட். ஒருநாள் அவள் முடியைப் பிடித்து இழுத்து, வீட்டிலிருந்த தையல் மிஷினின் சக்கரத்தில் முகத்தை மோதினார். முன்பல் ஒன்று உடைந்து விழுந்தது. அம்மா அதை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, முதலில் மிஷினைத்தான் துடைத்தாள். தைக்க வேண்டிய துணியில் ரத்தம் பட்டுவிடக் கூடாதே என்று. லிங்கராஜபுரத்தில் இருந்த பெரியம்மா வீட்டுக்கு என்னை இழுத்துக்கொண்டு ஓடினால், பெரியம்மா வயிறு நிறையச் சோறு போட்டு, "அடிக்கிற கைதாண்டி அணைக்கும்" என்று சொல்லித் திருப்பி அனுப்புவாள். அணைக்கிற கையை எங்கள் வீட்டில் நான் பார்த்ததே இல்லை.

அதனால் திருவிழாவின் பத்து நாட்கள்தான் எங்களுக்கு வருடம். காவிரிக் கலவரம் முடிந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. தமிழ்ப் பாட்டு போட்டால் வம்பு வருமோ என்று கோவில் ஸ்பீக்கரைச் சத்தம் குறைத்தே வைப்பார்கள். வெளியே அப்படிப் பயம் இருந்த நாட்களிலும், கொடி பறந்தால் வீட்டுக்குள் எங்களுக்குப் பயமில்லை. அம்மா சத்தமாகச் சிரிப்பாள். உப்பையும் மிளகையும் காகிதத்தில் மடித்துச் சம்மனசின் காலடியில் வைத்துவிட்டு வருவாள். அப்பா தொடையில் கையைத் தேய்த்தபடி உட்கார்ந்திருப்பார்.

கொடி இறங்கும் நாள்தான் மோசமான நாள். சப்பரக்காரர்கள் பிரியாணி ஆக்கி, கூடி உட்கார்ந்து குடிப்பார்கள். பத்து நாள் அடக்கி வைத்ததெல்லாம் அன்று சாயங்காலமே அம்மா முதுகில் இறங்கும். எங்கள் சந்தில் அன்றைக்கு அழாத வீடு குறைவு. சம்மனசுக்குத் திருவிழா முடிந்தால் பேய்களுக்குத் திருவிழா ஆரம்பம் என்று நான் அம்மாவிடம் சொல்லிக் குட்டு வாங்கியிருக்கிறேன்.

கோவில் கொடியைத் தைப்பது அம்மாதான். பல் உடைந்த வருடமும் அவள்தான் தைத்தாள். வெள்ளைத் துணியில் சம்மனசின் படம். ஓரம் முழுக்க ஃபேக்டரியிலிருந்து கொண்டுவந்த ஜீன்ஸ் நூலால் இரட்டைத் தையல். கயிறு நுழையும் பட்டியின் மேல்முனையில் ஜீன்ஸ் துணியை மடித்து, மறுபடி மடித்து, கட்டை விரல் தடிமனுக்கு ஒரு முண்டு வைத்துத் தைத்தாள். மிஷின் ஊசி இரண்டு உடைந்தது.

"எதுக்கும்மா அது?" என்று கேட்டேன்.

"மேல போனதும் கம்பத்துக் கப்பியில மாட்டிக்கும். எறங்காது."

"சாமி திட்ட மாட்டாரா?"

"திட்டட்டும். ஒரு பத்து நாளு ஜாஸ்தி கெடைச்சா போதும் எனக்கு."

கொடியேற்றத்தன்று கடைசி இழுப்பு அப்பாவுடையது. உச்சியில் கொடி தளர்ந்து நிற்கக் கூடாது என்று, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கயிற்றில் தொங்கி ஓர் இழுப்பு இழுத்தார். மேலே கப்பியில் 'கடக்' என்று சத்தம் கேட்டது. கூட்டம் கை தட்டியது. அம்மாவும் தட்டினாள்.

பத்து நாளும் கழிந்து, சப்பரம் சுற்றி வந்து, கொடி இறக்க வேண்டிய சாயங்காலம் வந்தது. கயிறு அசையவில்லை. ஒருத்தர் இழுத்தார், நாலு பேர் இழுத்தார்கள், பிறகு அப்பா சேர்ந்துகொண்டார். கயிறு படாரென்று அறுந்து அத்தனை பேரும் மல்லாக்க விழுந்தார்கள். உச்சியில் கொடி அது பாட்டுக்குப் படபடத்துக்கொண்டிருந்தது. பழைய இரும்புக் கம்பம், துருப்பிடித்தது. ஆள் ஏறினால் தாங்காது.

"பரவால்ல, பூசை முடிஞ்சது. திருவிழா முடிஞ்சது. மனெக்கு போங்க" என்றார் பூசை வைக்கும் சாமியார். கன்னடக்காரர், வீட்டை மனெ என்பார். நல்ல மனுஷர்தான்.

சப்பரக்காரர்களுக்குத் தலைவர் ஒரு கொத்தனார் மேஸ்திரி. அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "திருவிழா முடியற வரைக்கும்னா சாமி, வார்த்தை குடுத்தோம்? கொடி எறங்கற வரைக்கும்னுதானே குடுத்தோம்?" அடுப்பில் பிரியாணி தயாராக இருந்தது. ஒருவரும் தொடவில்லை. பிள்ளைகளான நாங்கள் தின்று தீர்த்தோம். அன்று எங்கள் சந்தில் ஒரு வீட்டிலும் அழுகைச் சத்தம் கேட்கவில்லை.

சாமியார் மின்சார வேலைக்காரர்களின் ஏணி லாரியைக் கேட்டுவிட்டு வந்தார். இன்று வரும், நாளைக்கு வரும் என்று வாரங்கள் போயின. வீட்டில் அப்பாவின் கை அடிக்க எதையாவது தேடியது. ரேடியோவைத் தூக்கிச் சுவரில் அடித்தார். என் பள்ளிக்கூடப் பையைக் கிழித்தார். வாசலில் படுத்திருந்த நாயைக் கல்லால் அடிக்கக் கையைத் தூக்கி, நாயும் 'யார் மேலும்' என்பதில் சேருமா என்ற குழப்பத்தில் கல்லைக் கீழே போட்டார். அதைப் பார்த்துச் சிரித்துவிட்ட என்னை அவர் பார்த்த பார்வை இன்னும் என் முதுகில் இருக்கிறது.

பிறகு வழி கண்டுபிடித்தார். கைக்குத்தானே வார்த்தை, காலுக்கு யாரும் வாங்கவில்லையே. சோறு போட்டுவிட்டுத் திரும்பிய அம்மாவின் இடுப்பில் உதைத்தார். அவள் அடுப்பின் மேல் போய் விழுந்தாள். கொதித்த ரசம் கையில் கொட்டி, தோல் வெங்காயச் சருகாட்டம் உரிந்தது. அம்மா அந்தக் கையோடு மேஸ்திரியிடம் போனாள். மேஸ்திரி சப்பரக்காரர்களைக் கூப்பிட்டுப் பேசினார். மரத்தடியில் நெடுநேரம் பேசினார்கள். கால் கணக்கில் வராது என்று முடிவாயிற்று. அந்த மரத்தடியை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வரும்போது ஏணி லாரி வந்து நின்றது. மேலே ஏறிய ஆள் கொடியைப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கத்தினான்.

"சாமி, யாரோ ஜீன்ஸ் துணிய மடிச்சு வெச்சு தெச்சிருக்காங்க! கப்பியில சிக்கிக்கினு இருக்குது. கட் பண்ணிடவா?"

கொடி யார் தைத்தது என்று எல்லோருக்கும் தெரியும். அப்பாவுக்கு எல்லோருக்கும் முன்னால் தெரிந்தது. "நீதானாடி?" என்றார். அம்மா உடைந்த பல் தெரியச் சும்மா பார்த்தாள். கம்பத்தடியில், சாமியாருக்கும் சனத்துக்கும் நடுவில், அப்பா தன் கையை ஓங்கினார். முதல் அறையிலேயே அம்மா கம்பத்துப் பீடத்தில் மோதி உதடு கிழிந்து விழுந்தாள். விழுந்தவளைத் தூக்கி நிறுத்தி மறுபடி அறைந்தார். கண்ணைக் குறி வைத்துக் குத்தினார். நான் அவர் இடுப்பைப் பிடித்துத் தொங்கினேன். என்னை உதறியதில் என் தலை கம்பத்தில் பட்டு 'ணங்' என்றது.

அப்போதுதான் சப்பரக்காரர்கள் பாய்ந்தார்கள். அப்பாவைக் கீழே தள்ளி மிதித்தார்கள். ஒருவர் பெல்ட்டை உருவி அதன் இரும்புப் பக்கத்தால் அடித்தார். மேஸ்திரி மார்பில் ஏறி உட்கார்ந்து மாறி மாறிக் குத்தினார். அப்பாவின் மூக்கு உடைந்து வெள்ளைச் சட்டை முழுக்க ரத்தம். "கொடிக்குக் கீழயே கை வெக்கிறியாடா? சம்மனசுக்குக் குடுத்த வார்த்தைய மீறுறியாடா?" என்று கத்தினார்கள். பொம்பளையை அடிக்கிறாயே என்று ஒருவராவது கேட்பாரா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். ஒருவர்கூடக் கேட்கவில்லை. அவர்களில் பாதிப் பேருடைய பெண்டாட்டிகள் அங்கேயேதான் நின்றிருந்தார்கள்.

அப்பா அடி வாங்குவது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இன்னும் நாலு போடட்டும் என்று மனதுக்குள் சம்மனசை வேண்டினேன்.

அம்மா எழுந்தாள். ஒரு கண் மூடிவிட்டது. வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பிவிட்டு, மேஸ்திரியின் தோளைத் தட்டினாள்.

"அண்ணா, மேல பாருங்க. கொடி இன்னும் எறங்கல."

மேஸ்திரி நிமிர்ந்து பார்த்தார். ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றது. பெல்ட் வைத்திருந்தவரும் பார்த்தார். உச்சியில் ஏணிக்காரன் கத்தியோடு காத்திருந்தான், அவன் பக்கத்தில் கொடி பறந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு கையாகக் கீழே இறங்கியது. வார்த்தை தவறாத சப்பரக்காரர் அங்கே ஒருவர்கூட மிச்சமில்லை.

"ஹே, சொல்லுங்க, கட் பண்ணணுமா வேணாமா?" என்றான் ஏணிக்காரன்.

"வேணாம். நீ எறங்கி வாண்ணா" என்றாள் அம்மா.

அவன் இறங்கி வந்தான். கொடி அங்கேயே இருந்தது. அடுத்த ஞாயிறு பூசையில் சப்பரக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தலை குனிந்து நின்றார்கள். கறை பட்ட தோளால் இனிச் சம்மனசைத் தூக்கப் பயந்து அடுத்த திருவிழாவுக்கு டெம்போ பேசிவிட்டார்கள். இன்றுவரை எங்கள் சம்மனசு டெம்போவில்தான் போகிறார். அப்பாவின் தோளில் சப்பரத் தண்டு காய்த்த தடிப்பு மட்டும் மிஞ்சியது.

கொடி மேலேயே இருந்த மாதங்களில் அவர் குடித்தார், கறி தின்றார். கை மட்டும் ஓங்கவில்லை, காலும் நீளவில்லை. அத்தனை பேரிடம் மிதி வாங்கிய பயம் என்று நான் நினைத்தேன். சம்மனசின் பயம் என்று அவர் நினைத்தார். தினமும் வேலை விட்டு வரும்போது சந்து முனையில் நின்று கம்பத்தை அண்ணாந்து பார்ப்பார். மழையிலும் வெயிலிலும் துணி நைந்து, சம்மனசின் படம் போய், கடைசியில் அம்மாவின் இரட்டைத் தையல் போட்ட ஓரம் மட்டும் நாடாவாகத் தொங்கியது. துணி இல்லாத கொடி கொடிதானா என்று மேஸ்திரியிடம் போய்க் கேட்டாராம். எனக்குத் தெரியாது, ஆளை விடு என்றாராம் மேஸ்திரி.

ஆடிக் காற்றில் அம்மியும் நகரும் என்பார்கள். நாடா எம்மாத்திரம்? ஒருநாள் சாயங்காலம் அப்பா வாசலில் வந்து நின்றார். கையில் அந்த நாடா, சேறு பட்டுச் சுருண்டு. குடித்திருந்தார். அம்மா மிஷினில் இருந்தாள். நான் துணி வெட்டும் பெரிய கத்தரிக்கோலைப் பாவாடை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். வந்தால் குத்துவது என்றுதான் இருந்தேன்.

"கொடி வுழுந்துடுச்சு" என்றார்.

"பாத்தேன்" என்றாள் அம்மா.

அவர் அடிக்கவில்லை. நாடாவை நீட்டினார். "இத்த ஒரு துணில வெச்சு தெச்சுக் குடு. மறுபடியும் மேல கட்டச் சொல்லு. இல்லாட்டி இந்தக் கை..." கதவைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அம்மா ஊசிப் பெட்டியிலிருந்து ஓர் ஊசியையும் நூல்கண்டையும் எடுத்து அவர் முன்னால் தரையில் போட்டாள்.

"உன் கை. நீயே தெச்சுக்க."

அப்பா சுவரோரமாக உட்கார்ந்தார். மூட்டை தூக்கித் தடித்த விரல்கள். நூல் முனையை எச்சிலில் நனைத்து ஊசிக் காதில் கோக்கப் பார்த்தார். நுழையவில்லை. குத்திக்கொண்டார். விரலில் வந்த ரத்தத்தைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி முயன்றார். என்னிடம் நீட்டி, "பாப்பா, இத்தக் கோத்துக் குடும்மா" என்றார். அவர் என்னைப் பாப்பா என்று கூப்பிட்டு எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் தலையைத் தூக்காமல் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். கத்தரிக்கோலை மடியிலிருந்து எடுக்காமல் நானும் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.