கழுவாத முகம்

எங்கள் வீட்டுக் கண்ணாடி உள்ளங்கை அகலம்தான். கண்ணைப் பார்த்தால் வாய் தெரியாது, வாயைப் பார்த்தால் கண் தெரியாது. உப்பளத்திலிருந்து வரும் வழியிலேயே தெருப் பம்பில் முகம் கழுவிவிடுவேன். பிறகுதான் கண்ணாடி முன்னால் போய் நிற்பேன்.

எட்டாவதோடு படிப்பை விட்டு மரக்காணம் அளத்துக்கு வேலைக்குப் போனவள் நான். 2006 பங்குனியில் ஒரு வரன் வந்தது. கிளியனூர்ப் பக்கம், நெல்லும் மல்லாட்டையும் போடுகிற குடும்பம். முறையாகப் பெண் பார்க்க வருவதற்கு முன்னால், மாப்பிள்ளை வீட்டில் யாராவது சொல்லாமல் வந்து, பெண் வேலை செய்கிற இடத்திலேயே பார்த்துவிட்டுப் போவது எங்கள் பக்கத்தில் உண்டு. தரகர் அதை அம்மாவிடம் சொல்லிவிட்டார். அம்மா என்னிடம் சொல்லிவிட்டாள். சொல்லாமலே இருந்திருக்கலாம்.

அதற்குப் பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. வரப்பில் யார் நின்றாலும் அவர்கள்தானோ என்றிருக்கும். லாரிக்காரர் எட்டிப் பார்த்தாலும் முந்தானையை இழுத்து விட்டுக்கொள்வேன். உப்பு வாரும்போது முதுகு வளைகிறதே, கூன் என்று நினைத்துவிட்டால்? நிமிர்ந்தபடியே வாரும் பலகையை இழுத்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது. புதுத் தண்ணீர் பாய்ச்சிய பாத்தியில் குனிந்து பார்ப்பேன். வானத்துக்கு நடுவில் கறுப்பாக ஒரு தலை தெரியும், அவ்வளவுதான்.

"இன்னாடி, பாத்தியில மீனு புடிக்கிறியா?" என்பாள் பக்கத்துப் பாத்தியில் உப்பு வாருகிற அக்கா.

கொஞ்ச நாளில் தரகர் வந்தார். வாசலிலேயே நின்றார்.

"மாப்பிள்ளையோட அக்கா வந்து பாத்துட்டுப் போயிருக்குதும்மா. எல்லாம் புடிச்சிருக்குதாம். ஆனா பொண்ணுக்கு எடது கன்னத்துல வெள்ளை இருக்குதுன்னு சொல்லுது. பரவுற வெள்ளையான்னு கேக்கறாங்க."

"யாரு பொண்ணுக்கு? நல்லா பாத்தாங்களாமா?" என்று அம்மா அவரிடம் சண்டைக்குப் போனாள். நான் கண்ணாடிக்குப் போனேன். ஒன்றும் இல்லை. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். இடது கன்னம் வலதைவிட வறண்டு, சாம்பல் பூத்த மாதிரி இருந்ததோ? மறுநாள் காலையில் பார்த்தபோது இருப்பதாகவே பட்டது. அதற்கடுத்த நாள், கழுத்துக்கும் இறங்கிவிடும், கைக்கும் வந்துவிடும், இனி எந்த வரனும் வராது என்று நானே முடிவு கட்டிவிட்டேன். பவுடரை எடுத்து அப்பிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினேன்.

"வெள்ளைய மறைக்க யாராவது வெள்ளைய பூசுவாங்களாடி?" என்றாள் அம்மா. அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

அன்றைக்கு வெயில் நன்றாக ஏறியிருந்தது. பவுடர் எப்போதோ வியர்வையில் போய்விட்டிருந்தது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு பெண் வரப்பு மேல் நேராக என்னிடம் வந்தாள்.

"நான்தாம்மா மாப்பிள்ளையோட அக்கா. மனசு கேக்கல, கிட்ட ஒருதரம் பாத்துடலாம்னு வந்தேன். இப்படித் திரும்பு."

திரும்பினேன். முடி கன்னத்தில் விழுந்தது. பதற்றத்தில் ஈரப் புறங்கையால் ஒதுக்கினேன். அவள் என் கையைப் பார்த்தாள், உப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு கன்னத்தைப் பார்த்தாள். விரலால் சுரண்டி நாக்கில் வைத்துக்கொண்டாள்.

"அய்யே, உப்பு!"

"இன்னாம்மா நீங்க," என்றாள் பக்கத்துப் பாத்தி அக்கா, பலகையை ஊன்றிக்கொண்டு. "அளத்துல வேல செய்றவ மூஞ்சில சக்கரையா காஞ்சி கெடக்கும்?"

நாள் முழுக்க நான் அப்படித்தான் முடியை ஒதுக்கியிருக்கிறேன், அதே கையால், அதே கன்னத்தில். அளத்தில் எல்லார் முகத்திலும் எங்காவது வெள்ளை காய்ந்திருக்கும். அதனால் யாரும் சொன்னதில்லை.

"எங்க ஊர்ல சேறுதாம்மா ஒட்டும், நான் இன்னாத்த கண்டேன்," என்று மாப்பிள்ளையின் அக்காவும் சிரித்தாள். குடிக்க வைத்திருந்த தண்ணீரில் முந்தானையை நனைத்து என் கன்னத்தை அழுத்தித் துடைத்தாள். எரிந்தது. "வெள்ளிக்கிழமை பூ வைக்க வர்றோம்னு உங்க அம்மாகிட்ட சொல்லு."

அன்று பம்பில் நிற்காமல் நேராக வீட்டுக்குப் போனேன். கண்ணாடியில் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்தேன். நெற்றியில் வெள்ளைக் கோடு. புருவத்தில் மணி மணியாக உப்பு. வலது காதோரம் ஒரு திட்டு. அவள் துடைத்த கன்னம் மட்டும் தனியாகக் கறுத்துப் பளபளத்தது. வரப்பில் நின்றவர்கள் எல்லாரும் தினமும் பார்த்த முகம் இது. எனக்குத்தான் புதிது.

"இன்னும் மூஞ்சி கழுவல? இன்னாடி சொன்னாங்க?" என்று அம்மா பின்னால் வந்து நின்றாள்.

"பூ வைக்க வர்றாங்களாம். இரும்மா, பாத்துட்டுக் கழுவறேன்."