ஏழு டிகிரி கூடுதல்

மூன்று வக்கீல்களோடு வந்து நின்ற செருப்புக் கம்பெனியிடமிருந்து சின்னவள் வென்றெடுத்தவை: தான் காய்ச்சும் பசையின் செய்முறை, அதை அவர்கள் இனித் தொடக் கூடாதென்ற தடை உத்தரவு, நாலு வருஷத்து நஷ்டஈடு. தோற்றிருந்தால் பட்டறையோடு வீடும் போயிருக்கும். பள்ளிக்கூடப் படி ஏறாதவள் அவள். அவள் சொல்லச் சொல்லச் செய்முறையை நோட்டில் எழுதி வைத்தது அக்கா.

அந்த நோட்டைப் படமெடுத்துக் கம்பெனிக்குக் கொடுத்தவன் கூட்டாளி. "தங்கச்சி, டீ இருக்கா?" என்று பதினோரு வருஷம் பின்வாசல் வழியாக உரிமையோடு வந்துபோனவன். விற்பனையை மட்டும் பார்த்துக்கொண்டவன். அடுப்புப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. அவன் போன பிறகு பின்வாசலைப் பூட்டிவிட்டார்கள். ஆனாலும் பட்டப்பகலில், பசையைக் கிண்டும் கை நின்றுவிடும்.

"யாரோ தங்கச்சின்னு கூப்பிட்ட மாதிரி இல்ல?"

அக்கா இல்லையென்பாள். அவளுக்கும் கேட்டிருக்கும்.

கோர்ட்டில் கம்பெனி வக்கீல் சிரித்தார். "கைநாட்டு வைக்கிறவங்க ஃபார்முலா கண்டுபிடிச்சாங்களாம்."

"எழுத்துதாங்க தெரியாது. கொதி தெரியும்" என்றாள் சின்னவள்.

தங்கள் சொந்தக் கண்டுபிடிப்பென்று கம்பெனி நீட்டிய தாளில், எண்பத்தாறு டிகிரியில் இறக்க வேண்டும் என்றிருந்தது. அக்காவின் நோட்டிலும் அதே எண்பத்தாறு. சின்னவள் துணிப்பையிலிருந்து பட்டறையின் பழைய வெப்பமானியை எடுத்தாள். எல்லார் முன்னாலும் அதைக் கொதிக்கும் தண்ணீரில் விட்டார்கள். நூற்றேழு காட்டியது. ஏழு டிகிரி கூட்டிச் சொல்லும் அந்தச் சனியனை மாற்றாமலே, இத்தனை வருஷம் காலத்தை ஓட்டியிருந்தார்கள். பசையை இறக்க வேண்டியது உண்மையில் எழுபத்தொன்பதில், எண்பத்தாறில் கருகிவிடும்.

"ஐயா, நல்ல வெப்பமானி வச்சிருக்கிற இவங்க தாளுக்கு எங்க வீட்டுத் தப்பு எப்படிங்க போச்சு?"



ஜெயித்த பிறகும் சின்னவளுக்குப் பயம் விட்டபாடில்லை. பின்வாசல் பூட்டை நாளைக்குப் பத்துத் தடவை இழுத்துப் பார்த்தாள். தீர்ப்பு நகல் வாங்கப் போன இடத்தில், குமாஸ்தா மைப்பெட்டியைத் தள்ளியதும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"தூங்கறப்ப எவன் வேணும்னாலும் விரலைப் பிடிச்சு வச்சுக்குவான், அக்கா. பேனாவை நான்தானே பிடிக்கணும்?"

நகல் வாங்காமலே வீடு திரும்பினார்கள். மூன்று வாரம் அடுப்படியில் உட்கார்ந்து தன் பெயரை எழுதிப் பழகிவிட்டு மறுபடி போனாள். கோணல்மாணலாக நாலு எழுத்து, ஆனால் முழுசாக. பக்கத்தில் குமாஸ்தா தேதி போட்டார்: 2014 மார்ச் 11, செவ்வாய்க்கிழமை.