நாற்பது ஆம்ப் சட்டை

முதலில் எடை. கேக் மாவு நிறுக்கிற சின்னத் தராசில் பேட்டரிச் செல்லை நிற்க வைக்கிறாள் வெங். நாற்பத்தைந்து கிராமை ஒட்டி வந்தால் பேசாமல் எழுதிக்கொள்கிறாள். முப்பத்தெட்டு என்று வந்தால் தராசை ஒரு தட்டுத் தட்டி, மறுபடி நிறுத்துப் பார்த்து, பிறகு செல்லைக் கொண்டுவந்தவனைப் பார்க்கிறாள். அந்தப் பார்வைக்குப் பயந்தே சிலர் செல்லை மேசையில் போட்டுவிட்டு, "சிகரெட் வாங்கிட்டு வந்துடறேன்க்கா" என்று நழுவிவிடுவார்கள். சிகரெட்டை விட்டுவிட்டதாகச் சொல்லித்தான் வேப் என்கிற மின்சிகரெட் கடைக்கே வந்தவர்கள் அவர்கள்.

இமுஸ் நகரச் சந்தைத் தெருவில் அந்த வேப் கடைக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் போடுகிறவன் நான். வேப் கடையின் பின்கட்டு வெங்கின் ராஜ்யம். கொல்லையில் ஹாலோ பிளாக் கற்களை அடுக்கிக் கூண்டு கட்டியிருக்கிறாள். மேலே தகரம், பக்கத்தில் ஒரு வாளி மணல். செல்லின் நடு வயிற்றில் வெப்பம் காட்டும் கம்பியை டேப்பால் ஒட்டி, உள்ளே வைத்து, இருபது ஆம்ப் இழுக்க விட்டுவிட்டுக் கதவுக்கு இந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்ப்பாள். நீல நிறக் கோடு மின்சாரம், சிவப்புக் கோடு சூடு. அறுபது டிகிரி வரைக்கும் மீன் விலை, மருமகளின் வளைகாப்பு, என்னுடைய மிஷினின் மை என்று எது வேண்டுமானாலும் பேசலாம். எழுபதில் பேச்சை நிறுத்துவாள். எண்பதில் சுவிட்சை அணைப்பாள். அந்தச் செல் இருபதுக்கு லாயக்கில்லை. அதே ரகத்தில் புதுச் செல் ஒன்றை எடுத்துப் பதினைந்தில் போடுவாள்.

ரொசாரியோ ஏற்றுமதி வளாகத்தில் பேட்டரி கட்டும் தொழிற்சாலையில் பதினோரு வருடம் தரம் பார்த்தவள். இப்போதும் பாதுகாப்புக் கண்ணாடியைத் தலையில் ஏற்றியபடிதான் மார்க்கெட்டுக்குப் போகிறாள். புகைப்பது கிடையாது. கடையில் யாராவது ஸ்ட்ராபெரி வாசனையில் ஊதினால் அடுக்கடுக்காகத் தும்முவாள். கம்பெனிகள் இனாமாக அனுப்பும் செல்களைத் தொடவே மாட்டாள். "எனக்கு அனுப்புறது பொறுக்கி எடுத்து அனுப்புவான். நீ கடையில வாங்குறது என்னவோ அதத்தான் நான் பாக்கணும்" என்பாள்.

செல்லைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் உறைக்கு அவள் வைத்திருக்கும் பெயர் சட்டை. உறையில் புலியும் மின்னலும் போட்டு முப்பத்தைந்து, நாற்பது ஆம்ப் என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தால் அவளுக்குச் சிரிப்பு வரும். "சட்டைய யாரு வேணா மாட்டிக்கலாம்டா. கழட்டு, ஆளு யாருன்னு பாப்போம்." நல்ல செல்லுக்கு உறை லேசாகக் கிழிந்திருந்தால் அதற்கும் அவளிடமே மருந்து உண்டு. பிஸ்கட் டப்பாவிலிருந்து புது உறையை எடுத்து மாட்டி, தலைமுடி உலர்த்தும் மிஷினால் ஊதிச் சுருக்கிக் கொடுப்பாள். அதற்குக் காசு வாங்கமாட்டாள். திட்டு மட்டும் விழும்.

எங்கள் பக்கத்துப் பையன்களுக்குப் பிடித்தது வெறும் பித்தளைக் குழாயாலான வேப். உள்ளே கட்டுப்படுத்துகிற சர்க்யூட் எதுவும் கிடையாது. பொத்தானை அழுத்தினால், சூடாகிப் புகை கிளப்பும் சுருள் கம்பி கேட்கிற மின்சாரம் முழுவதும் செல்லிலிருந்து பாயும். செல்லுக்குத் தாங்கும் சக்தி இல்லையென்றால் அதற்குள்ளேயே வெந்து வெடிக்கும். வாயில் வைத்து உறிஞ்சுகிற சாமான் அது. ஏழெட்டு வருடத்துக்கு முன்னால் தாடையில் கட்டுப் போட்ட ஓர் இளைஞன், பிளந்துபோன குழாயைக் காகிதப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தான். பேச முடியாமல், 'இது என்ன செல்?' என்று எழுதிக் காட்டினான். கரிந்த உறையில் முப்பத்தைந்து என்ற எண் மட்டும் மிச்சமிருந்தது. வெங் அன்றைக்கு மதியம் சாப்பிடவில்லை. கொல்லைக் கூண்டு அதற்கு அடுத்த வாரம் வந்தது.

வீட்டில் அவளுக்கு வாய்த்தவனும் பித்தளைக் குழாய்க்காரன்தான். எஃப்ரென் டிமக்குலாங்கன், ஏசி மெக்கானிக், நல்ல மனிதன், வாய் கொஞ்சம் நீளம். யார் நீளமாகப் புகை விடுகிறார்கள் என்று பார்க்கும் மேகப் போட்டியில் மூன்று வருடமாக அரையிறுதியோடு திரும்பிக்கொண்டிருந்தான். இந்த வருடம் விடுவதில்லை என்று தினமும் காலையில் குப்பைப் பையை மூச்சால் ஊதி நிரப்பிப் பழகினான். ஜெயித்தவனைச் செபு தீவுக்கு விமானத்தில் அனுப்புவார்கள்; அவன் விமானம் ஏறியதே இல்லை. வெங் அவனுக்கென்று பச்சை உறை போட்ட இரண்டு செல்களைச் சோதித்துக் கொடுத்திருந்தாள். இருபத்தைந்து ஆம்ப்.

"இருபத்தஞ்ச வச்சு கொசுவத்தான் விரட்டலாம்" என்று என் கடையில் வந்து புலம்பினான்.

போட்டி ஞாயிற்றுக்கிழமை மாலை, எங்கள் வட்டாரக் கூடைப்பந்து மைதானத்தில். அடிக்கணக்குப் போட்ட பலகைக்கு முன்னால் இருவர் நின்று ஊத வேண்டும். யார் புகை நீளம் என்று நடுவர் பார்ப்பார். ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் செல்லையும் குழாயையும் சோதனை மேசையில் காட்டியாக வேண்டும். மேசையில் வெங். அன்று எஃப்ரென் பச்சைச் செல்லோடு அரையிறுதியைத் தாண்டிவிட்டான். மைதானமே அவன் பெயரைக் கத்தியது. இறுதிச் சுற்றுக்கு வரிசையில் வந்தவன் மேசையில் வைத்தது ஊதா நிறச் செல். காளைத் தலை, அதன் கீழே நாற்பது.

"பேரு சொல்லுங்க சார்" என்றாள் வெங்.

"ஏம்மா, வெளையாடாத."

"பேரு."

"எஃப்ரென் டிமக்குலாங்கன். உன் புருஷன்னும் எழுதிக்கோ."

வரிசையில் சிரிப்பு. அவள் செல்லைத் தராசில் வைத்தாள். நாற்பத்து நான்கு, எடையில் குறையில்லை. வோல்ட்டும் சரி. உள்தடை மீட்டரை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். இருக்க வேண்டியதைப் போல நான்கு மடங்கு. குழாயின் சுருளையும் அளந்தாள். கணக்குப் போட்டால் முப்பத்தெட்டு ஆம்ப் கேட்கும் சுருள்.

"பச்சை எங்க?"

"வீட்டுல. அரையிறுதி முடிஞ்சதும் வண்டியில போய் வச்சுட்டு, சுருளையும் மாத்திட்டு இத எடுத்துட்டு வந்தேன். சும்மா வாங்கல, நாப்பது போட்டிருக்கு பாரு."

அவள் கத்தியை எடுத்து உறையை நீளவாக்கில் கீறினாள். உள்ளே எழுத்தே இல்லாத சாம்பல் நிறத் தகரம். அடிப்பக்கத்தில் இரண்டு புள்ளிகள், அரம் போட்டுத் தேய்த்த தடம். பற்றவைத்த தகட்டைப் பிய்த்த இடம் அது.

"பழைய லேப்டாப்புல இருந்து பிச்சு எடுத்தது. அஞ்சு தாங்கினா பெருசு" என்றாள். குரல் வழக்கம்போலத்தான் இருந்தது. காதுமடல் மட்டும் சிவந்திருந்தது.

மைக்கை வைத்திருந்தவர் பக்கத்தில் வந்து, "அக்கா, பத்து நிமிஷம் தரேன், வேற செல்லு யாராவது குடுத்தா..." என்றார்.

"இந்தச் சுருளுக்கு எந்தச் செல்லும் நான் குடுக்க விடமாட்டேன். புதுசா சுத்தணும். பத்து நிமிஷத்துல சுத்தினா வாங்க, அளக்கிறேன்."

எஃப்ரென் அவசரமாகச் சுருளைக் கழற்றினான். கம்பி சரியாக உட்காரவில்லை. இரண்டாவது தடவை அறுந்தது. மூன்றாவதைச் சுற்ற ஆரம்பிப்பதற்குள் எதிராளியின் பெயரை மைக்கில் அறிவித்துவிட்டார்கள். எனக்கு அவன்மேல் பாவமாக இருந்தது. குப்பைப் பையை ஊதி ஊதி அவன் கன்னத்தைத் தடவிக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன்.

"மூணு மாசமா ஊதிப் பழகினேன்மா" என்றான் மேசைக்கு முன்னால் வந்து நின்று. "ஊரு முன்னாடி உரிச்சுட்டியே. ஒரு தடவ கண்ண மூடிக்கக் கூடாதா? ஒரு இழுப்புதானே."

"ஒரு இழுப்புதான்" என்றாள் அவள்.

வரிசையிலிருந்து ஒருத்தன், "அண்ணே, ராத்திரி சோத்துக்கு வழி பண்ணிக்கோ" என்றான். இன்னொருத்தன் தன் சட்டைப் பையிலிருந்து ஊதாச் செல் ஒன்றை எடுத்து உற்றுப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் மேசையில் வைத்தான். எஃப்ரென் திரும்பி நடக்கத் தொடங்கினான். அவனுடைய அரைக்கால் சட்டைப் பை தொடையில் இடித்துக்கொண்டிருந்தது.

வெங் எழுந்தாள். மேசையைச் சுற்றி வந்து, நாலு எட்டில் அவனைப் பிடித்து, எல்லோரும் பார்க்க அவன் பைக்குள் கையை விட்டாள். மைதானம் விசிலடித்தது. "வீட்டுல போய் வச்சுக்குங்கப்பா" என்று யாரோ கத்தினார்கள். அவன் எதையும் ஒற்றையாக வாங்குகிறவன் இல்லை என்று அவளுக்குத் தெரியும். கை வெளியே வந்தபோது மோட்டார் சைக்கிள் சாவிக்கொத்து, இரண்டு புதினா மிட்டாய், அவற்றோடு உரசிக்கொண்டு இன்னோர் ஊதாச் செல். பாக்கெட்டிலேயே சாவி பட்டுத் தீப்பற்றியிருக்கும். அதைப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடினாள். சாவியையும் மிட்டாயையும் அவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள். மூடிய பிறகும் கொஞ்ச நேரம் அந்தக் கையை விடவில்லை.