காலை எட்டரை மணிக்கு உறக்க வகுப்பு

பானுப்பிரியாவின் பாயை அவளுடைய மாமியார் கருத்தம்மாள் தினமும் காலை ஏழு மணிக்கு வாளித் தண்ணீரில் முக்கி எடுத்து வேலியில் போட்டுவிடுவாள். மில்லில் இரவு வேலை முடிந்து பானு வீட்டுக்கு வந்து சேரும்போது பாய் சொட்டிக்கொண்டிருக்கும். சுத்தம் பார்க்கிற காரியமல்ல அது. மருமகள் பகலில் தூங்கக் கூடாது, அதற்குத்தான்.

மம்சாபுரத்தில் ஒற்றை அறை வீடு. பானுவுக்கு முப்பத்திரண்டு வயது. ராஜபாளையம் சாலையில் இருக்கும் ஒரு நூல் மில்லில் பதினொரு வருட வேலை. முன்பெல்லாம் வாரத்துக்கு ஒரு ஷிப்ட் என்று மாறி மாறி வரும். போன தை மாதம் நிர்வாகம் அதை நிறுத்திவிட்டது. பானுவையும் இன்னும் நாற்பது பெண்களையும் இரவு பன்னிரண்டிலிருந்து காலை எட்டு வரை நிரந்தரமாகப் போட்டது. பெண்களை இரவில் வேலை வாங்க அவர்களுடைய சம்மதம் வேண்டும் என்பது சட்டம். சம்மதக் கடிதத்தை மில்லே அச்சடித்து வைத்திருந்தது. 'என் சொந்த விருப்பத்தின் பேரில்' என்று தொடங்கும். கையெழுத்துப் போடாதவளுக்கு மறுநாள் வேலை இல்லை. அவ்வளவுதான் விருப்பம்.

"அத்தே, ராத்திரி பூரா நின்னுட்டு வாரேன். செத்த நேரம் கண்ண மூடிக்கிடுதேன்" என்று முதல் வாரம் கெஞ்சிப் பார்த்தாள்.

"வெளிச்சத்துல பொம்பள கால நீட்டுனா வீடு வெளங்குமாட்டி? சினையாடு எதுக்குச் செத்துச்சு? எம்புள்ள எதுக்கு லாரியிலருந்து விழுந்தான்?"

"ஆடு பிளாஸ்டிக் பையத் தின்னு செத்துச்சு அத்தே. வயித்த அறுத்துப் பாத்தாவல்ல."

"அந்தப் பைய அது வாயில கொண்டு வச்சது யாருங்கேன்?"

இந்தக் கேள்விக்கு எந்தக் கால்நடை மருத்துவரிடமும் பதில் கிடையாது. சுந்தரபாண்டியத்தில் குறி சொல்கிற ஒருவன், கருத்தம்மாள் கொண்டுபோன வெற்றிலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, 'உன் வீட்டில் பகலில் மூதேவி பாய் விரிக்கிறாள்' என்று சொல்லியிருந்தான். அன்றிலிருந்துதான் பாய் நனைந்தது. கருத்தம்மாளின் மகன், பானுவின் புருஷன் மாரீஸ்வரன் ராஜபாளையத்தில் லோடுமேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் கறிச்சோறு தின்றுவிட்டு மூன்று மணி நேரம் குறட்டை விடுவான். அது மட்டும் உழைத்த களைப்பு. 'புள்ள அசந்து தூங்குதான்' என்று தாய் விசிறியும் விடுவாள். மூதேவிக்கும் ஆண் பெண் பார்க்கத் தெரியும் போல.

"அம்மா மனசு கோணாம நடந்துக்கயேன். ஏதாச்சும் ஒரு ஓரமா தூங்கிக்க" என்றான் மாரீஸ்வரன்.

"வீடே ஓரந்தான். இதுல எந்த ஓரம்?"

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

அவள் அடுப்படியில் அரிசி மூட்டையில் சாய்ந்து பார்த்தாள். பாத்திரம் உருண்டது. கொல்லையில் கருவேல நிழலில் துண்டை விரித்துப் பார்த்தாள். கோழிக்கு இரை போடுகிற சாக்கில் கருத்தம்மாள் தலைமாட்டிலேயே குருணையை வீசினாள். மில்லிலிருந்து கொஞ்சம் பஞ்சை எடுத்துக் காதில் அடைத்துப் பார்த்தாள். முகத்தில் தண்ணீர் விழுந்தது. இருபது நாளில் கண்ணுக்குக் கீழே கறுத்துவிட்டது. நின்ற இடத்திலேயே தூக்கம் வந்து தள்ளியது. மெஷினுக்கு முன்னால் அவள் ஆடி விழப்போனதை மேஸ்திரி பால்ச்சாமி இரண்டு முறை பார்த்து, இரண்டு முறையும் எழுதி மேலே அனுப்பினார்.

"மூணாவது தடவ எழுதுனா வேல போயிரும் தாயி. எழுதாட்டி என் வேல போயிரும். எப்பிடியாச்சும் பகல்ல தூங்கிரு" என்றார்.

எப்படியாவது. பதினொரு வருட வேலை அந்த ஒரு சொல்லில் தொங்கியது.

வழி தற்செயலாகத்தான் கிடைத்தது. ஒருநாள் காலை எட்டேகாலுக்கு மில் வாசலில் ராஜபாளையம் போகும் டவுன் பஸ்ஸில் ஏறினாள். பெண்களுக்கு இலவசமான பஸ். ராஜபாளையத்தில் இறங்கி மம்சாபுரம் பஸ் பிடிக்க வேண்டும். உட்கார்ந்தவள் கண் விழித்தபோது கண்டக்டர் சோலைராஜ் எதிரே நின்றுகொண்டிருந்தார்.

"எங்கம்மா எறங்கணும்?"

"ராஜபாளையம்."

"ராஜபாளையம் போயி, ஸ்ரீவில்லிபுத்தூர் போயி, திரும்பவும் ராஜபாளையம் வந்தாச்சு. ஒம்பாட்டுக்கு வாயத் தொறந்துட்டுக் கெடக்க. உசுரு இருக்கான்னு மூக்குல கை வச்சுப் பாத்தேன்."

பானுவுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் உடம்பு லேசாகியிருந்தது. இரண்டு மாதத்தில் அப்படி ஒரு தூக்கம் அவளுக்கு வாய்த்ததே இல்லை. மறுநாள் தெரிந்தே தூங்கினாள். அதற்கு அடுத்த நாளும். வீட்டில், ஷிப்ட் இப்போது பத்தரைக்குத்தான் முடிகிறது என்று பொய் சொன்னாள்.

"ஒத்த ஆளுக்கு நாலு டிக்கெட்டு கிழிக்கேன்" என்று சோலைராஜ் பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி சத்தம் போடுவார். "ஓசி பஸ்ஸுன்னாவ. ஓசி லாட்ஜுன்னு எவனும் சொல்லலியே!"

சத்தம்தான் அப்படி. வெயில் படாத பக்கம் ஒரு இடத்தை அவருடைய பையைப் போட்டுப் பிடித்து வைப்பார். ஸ்ரீவில்லிபுத்தூர் போகும்போது இடப்பக்கம், திரும்பும்போது வலப்பக்கம். பஸ் நிலையம் வந்ததும் அரைத் தூக்கத்தில் எழுந்து பக்கம் மாறி உட்கார்வாள். மூன்று வாரத்தில் உடம்பு அதற்குப் பழகிவிட்டது. ஹாரன் சத்தத்துக்கு விழிக்காது, பஸ் நின்றால் விழித்துக்கொள்ளும். நாளுக்கு இரண்டரை மணி நேரம். மனிதருக்கு அது போதாது. ஆனால் மெஷின் முன்னால் அவள் ஆடுவது நின்றது. பால்ச்சாமிக்கு எழுத ஒன்றும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் மில்லுக்கு அவர்கள்மேல் அக்கறை பிறந்தது.

நூல் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி, இரவில் வேலை செய்யும் பெண்களின் நலத்துக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டு எழுதியிருந்ததாம். அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினார்கள். இரவுப் பணியாளர்களுக்கு உறக்கப் பயிற்சி. திங்கள் முதல் சனி வரை, காலை எட்டரையிலிருந்து பதினொன்றரை. வராவிட்டால் அன்றைய வேலை கணக்கில் வராது.

இரவெல்லாம் நின்றவர்களைத் தூங்கவிடாமல் உட்கார வைத்துத் தூங்குவது எப்படி என்று சொல்லிக்கொடுக்க ஒரு ஆறு நாள். இதை யோசித்தவர்கள் படித்தவர்கள். குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து, தேநீர் குடித்துக்கொண்டு யோசித்தவர்கள்.

வெள்ளை ஜிப்பா போட்ட பேச்சாளர் சென்னையிலிருந்து வந்திருந்தார்.

"படுக்கையறை ஜன்னலுக்குக் கறுப்புத் திரை போடுங்கள். அலைபேசியை வேறு அறையில் வையுங்கள். இளஞ்சூட்டில் ஒரு டம்ளர் பால். குடும்பத்தாரிடம் அன்பாகப் பேசிப் புரிய வையுங்கள்."

பானுவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிரிஸ்கில்லா அதே ஷிப்டுக்காரி, வாய்க்காரி. கையைத் தூக்கினாள்.

"வேற ரூமுன்னா பக்கத்து வீட்டுக்காரி ரூமுல வைக்கலாங்களா சார்?"

கூடம் சிரித்தது. மில்லின் நல அதிகாரி அம்மாள் முறைத்தாள்.

பானுவும் எழுந்தாள். "சார், இம்புட்டும் கேட்டுக்கிட்டோம். இப்பவே போயித் தூங்கிப் பாக்கட்டா?"

"நல்ல ஆர்வம்!" என்றார் பேச்சாளர். "ஆர்வம்தான் முதல் படி. எல்லோரும் கைகளை மடியில் விரித்து வையுங்கள். கண்களை மூடுங்கள். மூச்சை மட்டும் கவனியுங்கள்."

கண்ணை மூடியதும் பானு போய்விட்டாள். கேமரா வெளிச்சம் அடித்தது அவளுக்குத் தெரியாது. பிரிஸ்கில்லா விலாவில் இடித்தபோதுதான் விழித்தாள். நல அதிகாரி அம்மாள் கை தட்டிக்கொண்டிருந்தாள். "பாருங்க, இவங்கதான் சரியா செஞ்சாங்க. முகத்துல எவ்வளவு அமைதி!"

முடிந்ததும் ஒரு தாளை நீட்டினார்கள். 'நன்றாக உறங்கும் முறைகளை முழுமையாகக் கற்றுக்கொண்டேன்.' கீழே கையெழுத்து. கதவருகில் நின்று வாங்கினார்கள், போடாமல் வெளியே போக முடியாது. பானு படிக்காமலேயே போட்டாள். ஐந்து நாள் ஐந்து கையெழுத்து. வீடு போய்ச் சேர மதியம் ஒரு மணி ஆகிவிடும். சோறாக்க வேண்டும், தண்ணீர் பிடிக்க வேண்டும். பாய் வேலியில் சொட்டும். பஸ்ஸில் வீட்டுக்குப் போகும் அரை மணி நேரம்தான் மிச்சம்.

"என்னம்மா, லாட்ஜக் காலி பண்ணிட்டியா?" என்று சோலைராஜ் கேட்டார்.

"தூங்கப் படிக்கப் போறேண்ணே" என்றாள். அவர் நம்பவில்லை.

வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்த அன்று இரவு, விடிவதற்குக் கொஞ்சம் முன்னால், அவளுடைய மெஷினின் ரோலரில் பஞ்சு சுற்றிக்கொண்டது. நிறுத்திவிட்டுத்தான் எடுக்க வேண்டும். நிறுத்தினால் மேலே சிவப்பு விளக்கு எரியும். சிவப்பு விளக்கு எரிந்தால் ஏன் என்று கேள்வி வரும். அதனால் யாரும் நிறுத்துவதில்லை. ஓடவிட்டே எடுப்பார்கள். விழித்திருக்கும் கைக்கு அது பழகிய வேலை. பானுவின் இடது கை ரோலரிடம் போனபோது அவள் விழித்திருக்கவில்லை. அலறல் கேட்டு விழித்தாள். அலறியது அவள்தான்.

ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின.

கட்டுப் பிரித்த பிறகு விசாரணை என்று கூப்பிட்டார்கள். மேனேஜர், நல அதிகாரி அம்மாள், சுவரோரமாகப் பால்ச்சாமி.

"தூங்கி அஞ்சு நாளாச்சு சார். ஒங்க கிளாசுதான் சார் தூங்க விடல" என்றாள் பானு.

மேனேஜர் கோபப்படவில்லை. கோப்பைத் திருப்பி அவள் பக்கம் வைத்தார்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா சார்."

"தூங்குறதுக்கு முழுசா கத்துக்கிட்டேன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. அஞ்சு நாளும். கம்பெனி செலவு பண்ணி ஆள் கூட்டிட்டு வந்து சொல்லிக் குடுத்திருக்கு. அதுக்கப்புறமும் தூங்காம வந்து மெஷின்ல கை விட்டா, அது யார் தப்பு?"

பானு பால்ச்சாமியைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். மூன்றாவது தடவை ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. 'பயிற்சி பெற்றும் கவனக்குறைவு.' பதினொரு வருடத்துக்கு மூன்று சொல்.

நலத்துக்காக என்று வாங்கிய தாள் யாருடைய நலத்துக்கு என்று இப்போது தெரிந்தது. கொடுமைக்காரன் அடித்தால் தடுக்கக் கையாவது இருக்கும். இவர்கள் அக்கறையாக வந்தார்கள், பால் குடிக்கச் சொன்னார்கள், கையெழுத்து வாங்கிப் போனார்கள்.

கருத்தம்மாள் மகனிடம், "நான் அன்னைக்கே சொன்னேன். கேட்டீகளா?" என்றாள். ஆனால் ராத்திரியில் மருமகள் வீட்டில் இருக்கிறாள் என்பதில் அவளுக்கு நிம்மதி. பொழுது சாய்ந்ததும் காய்ந்த பாயை அவளே உதறி விரித்துக் கொடுத்தாள்.

காய்ந்த பாயில் பானு கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தாள். உடம்புக்கு இரவு என்றால் வேலை. மணி பன்னிரண்டானால் கால் எழுந்து நிற்கப் பார்த்தது. இல்லாத விரல்கள் இரண்டும் பஞ்சைத் தேடின. வெளிச்சம் வந்ததும் கண் சொருகும். வெளிச்சம் வந்ததும் பாய் வாளிக்குப் போகும்.

மூன்று மாதம் கழித்து வேறு மில்லில் வேலை கேட்டுப் போனாள். கையைப் பார்த்தார்கள், சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். திரும்பும்போது சோலைராஜின் பஸ். அவள் சேலைக்குள் மறைத்திருந்த கையைப் பார்த்துவிட்டு அவர் வலப்பக்கம் இடம் காட்டினார். தூங்கலாம் என்று தலையைச் சாய்த்தாள்.

பழைய மில் வாசலில் பஸ் நின்றது. நின்றால் விழித்துக்கொள்ளும் பழக்கம் இன்னும் போகவில்லை. வாசலில் பெரிய பிளெக்ஸ். 'எங்கள் பெண்கள், எங்கள் பொறுப்பு.' நடுவில் கண்ணை மூடிய ஒரு பெண்ணின் முகம், இரண்டாள் உயரத்துக்கு. மடியில் இரண்டு கைகள் விரிந்திருந்தன.

சோலைராஜ் குனிந்து ஜன்னல் வழியே பார்த்தார். "ஏம்மா, அது நீதான?"

"அவ வேறண்ணே" என்றாள் பானு. "அவளுக்குப் பத்து வெரலு."