ஏலத்தோட்டத்துக்குப் போகாத போன்

போடிக்குப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியையாக இருந்துகொண்டே ஆன்லைனில் முதுகலை படித்தேன். அந்தப் படிப்புக்காக, பள்ளியில் தொழில்நுட்பத்தைக் கொண்டுவர ஒரு திட்டம் போட்டு, நடத்திப் பார்த்து எழுதித் தரவேண்டும். மாணவர்கள் மாலை ஆறு மணிக்குள் வீட்டுப்பாடத்தைப் போனில் அனுப்புவதுதான் என் திட்டம்.

ஏழாம் வகுப்பு முத்துமாரி மட்டும் அனுப்பவே இல்லை. எல்லோர் முன்னாலும் திட்டினேன். மறுநாளிலிருந்து ஒழுங்காக வந்தது. 'திட்டம் வெற்றி' என்று பெருமையாக எழுதிவைத்தேன்.

அடுத்த வாரம் அவள் அம்மா நொண்டிக்கொண்டே பள்ளிக்கு வந்தார். மலையில் ஏலக்காய் பறிப்பவர்.

"காலுக்கு என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல டீச்சர். சாயங்காலம் ஜீப்பு எங்க நிக்கும்னு டிரைவரு போன்லதான் சொல்லுவாரு. வீட்டுல இருக்கது ஒரே போனு. அதப் புள்ளைக்கு விட்டுட்டுப் போறேன். முந்தாநாளு ஜீப்பு வேற பக்கம் போயிருச்சு. நடந்து எறங்கையில வழுக்கிட்டேன்."

சொல்லிவிட்டு அவர் கைகூப்பினார்.

"நீங்க சத்தம் போட்டதுலதான் டீச்சர், புள்ள வெரசா உக்காந்து பாடம் எழுதுது."

அந்த நன்றியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். மறுநாள் முத்துமாரியிடமும் வகுப்பில் எல்லோர் முன்னாலும் கேட்டேன். திட்டத்தை மாற்றி, போனில் செய்யச் சொன்ன வேலையையெல்லாம் பள்ளிக் கணினியில் பள்ளி நேரத்திலேயே வைத்தேன். 'வெற்றி'யை அடித்துவிட்டு நடந்ததை அப்படியே எழுதினேன்.

நல்ல மதிப்பெண்தான் கிடைத்தது. ஆனால், "ஏம்மா நீ மட்டும் அனுப்பல?" என்று ஒரு குழந்தையிடம் கேட்பதற்கு முதுகலைப் படிப்பா வேண்டும்?