மூன்று கால் ஓட்டம்

போன வாரம் உடப்புசல்லாவைக்குப் போகிற பஸ், வழியில் மண் சரிந்து கிடந்ததால் நின்றுவிட்டது. மண்ணை அள்ள மெஷின் வரவேண்டும் என்றார்கள். எல்லோரும் இறங்கி வளைவிலிருந்த கடைக்குத் தேநீர் குடிக்கப் போனார்கள். நானும் எழுந்தேன். நடத்துநர் என் காலைப் பார்த்தார். "நீங்க எறங்காதீங்க அக்கா, சறுக்கும். அப்பிடியே இருங்க." நல்ல மனுஷன்தான். உடனே முன் சீட்டுக்காரர், "அப்ப இந்தப் பேக்கக் கொஞ்சம் பாத்துக்குங்க" என்று என் பக்கத்தில் வைத்தார். பின்னாலேயே இன்னொருவர், இன்னொருவர். கொஞ்ச நேரத்தில் மூட்டைகளுக்கு நடுவில் நானும் ஒரு மூட்டை. எனக்கும் தேநீர் குடிக்க வாய் இருக்கிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நானும் பல்லைக் காட்டிக்கொண்டு தலையாட்டினேன், என்னைச் சொல்ல வேண்டும்.

ஏதோ ஒரு பையிலிருந்து ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் மணத்தன. எனக்கு அது பீ.டீ. பாடத்தின் மணம். சிரிக்காதீர்கள். மற்றவர்களுக்கு அந்தப் பாடம் என்றால் புல்லும் வியர்வையும். எனக்கு வகுப்பு முழுவதன் புத்தகப் பைகளும், அவற்றுக்குள் ஆறிப்போன ரொட்டியும்.

என் இடது கால் பிறவியிலேயே சூம்பியது. எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடம் மேட்டில் இருந்தது. விளையாட்டுத் திடலுக்குத் தேயிலைக்கு நடுவே படிப்படியாக இறங்கிப் போகவேண்டும். பீ.டீ. பாடத்துக்கு மணி அடித்ததும் பிள்ளைகள் பாய்ந்துவிடுவார்கள். "நீ இரு, பேக்கப் பாத்துக்க." அவ்வளவுதான். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பனி விலகினால் திடல் தெரியும், விலகாத நாட்களில் சத்தம் மட்டும் மேலே வரும். அந்த நாட்கள்தான் கொடுமை. யார் ஜெயித்தார்கள், எதற்குக் கத்துகிறார்கள், ஒன்றும் தெரியாது. கதவு திறந்துதான் கிடந்தது, யாரும் பூட்டவில்லை. ஆனால் அந்தப் படிகளில் நானாக இறங்கலாம் என்று எனக்கே தோன்றியதில்லை.

நான் எட்டாம் ஆண்டு படிக்கையில் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு உடற்கல்வி ஆசிரியர் வந்தார். எங்கள் குளிர் தாங்காமல் காதை மூடித் துண்டு கட்டியிருப்பார். வந்த முதல் வாரமே வகுப்பை எட்டிப் பார்த்தார்.

"ஏன் பிள்ளை இஞ்ச தனிய இருக்கிறீர்?"

"பேக் பாத்துக்கிறேன் சேர்."

"பாக் என்ன எழும்பி ஓடப்போகுதே? வாரும்."

ஒருபக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நான் இறங்கி முடிக்கும்வரை அவர் படியோரம் நின்றார். தூக்கவா என்று கேட்கவில்லை. அதற்காக அவரை எனக்குப் பிடித்துப்போனது. அதனால்தான் அடுத்து அவர் செய்தது அப்படி வலித்தது.

பிள்ளைகளை இல்லம் இல்லமாகப் பிரித்து மோதவிடும் இல்ல விளையாட்டுப் போட்டி வந்தது. எங்கள் ஊரில் அது திருவிழாவைவிடப் பெரிது. எங்கள் லயத்து வரிசை வீடுகளில், ஒரே காம்பரா அறைக்குள் அக்கா முல்லை இல்லம், தம்பி குறிஞ்சி இல்லம் என்றால் போட்டி முடியும்வரை பேச்சுவார்த்தை கிடையாது. ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் ஒலிபெருக்கியில் எந்த இல்லத்துக்கு எத்தனை புள்ளி என்று அறிவிப்பார்கள். நான் முல்லை. என்னால் முல்லைக்கு ஒரு புள்ளியாவது வரவேண்டும், அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. சேர் எனக்கென்று ஒரு தனிப்போட்டி வைத்தார். ஒத்திகையன்று கோட்டில் போய் நின்றால், என்னைத் தவிர யாருமில்லை. நான் நடந்தேன், திடல் முழுக்கக் கைதட்டியது. அதிபர் கண்ணைத் துடைத்தார். எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது, ஒளிய ஒரு செடிகூட இல்லை.

"சேர், இதுக்கு முல்லைக்கு மார்க்ஸ் இருக்குங்களா?"

"இது சும்மா உம்மட சந்தோசத்துக்குப் பிள்ளை."

"அப்ப நான் ஓட மாட்டேங்க." சொல்லிவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதேன். சேர் பதறிப்போனார்.

அடுத்த லயத்துப் புவனாவும் முல்லைதான். வாய் நீளம், என்னைவிட ஒரு முழம் உயரம். அவள்தான் முன்னால் வந்தாள். "சேர், மூணு கால் ஓட்டத்துல இவள என்னோட சேத்துக் கட்டுங்க. எப்பிடியும் ஒரு காலக் கட்டத்தான போறீங்க? அந்தக் காலயே கட்டுங்க."

சேர் அவளைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார். "அதுதானே" என்றார்.

கணுக்காலில் கயிறு கட்டினால் என் கால் அறுந்துவிடும் போல வலித்தது. புவனா, அவள் அம்மா கொழுந்து பறிக்கையில் இடுப்பில் கட்டும் பழைய முரட்டுப் படங்குத் துணியிலிருந்து அகலமாக ஒரு துண்டு வெட்டி வந்தாள். சேர் அதை முழங்காலுக்கு மேலே கட்டிப் பார்த்தார், பிறகு கொஞ்சம் கீழே, பிறகு இரண்டு சுற்று. கட்டிய காலுக்கு உள்ள, கட்டாத காலுக்கு வெளிய: "உள்ள, வெளிய, உள்ள, வெளிய" என்று புவனா கத்துவாள். அவள் கால் தூக்கினால் என் காலும் எழும்பியது. எத்தனை தடவை விழுந்தோமோ, முழங்கால் முழுக்கச் சிராய்ப்பு. என் அம்மா திட்டிக்கொண்டே மஞ்சள் வைத்தாள்.

போட்டியன்று மூன்றாவதாகத்தான் வந்துகொண்டிருந்தோம். மூன்றாவது இடத்துக்கும் புள்ளி உண்டு. கோடு கைக்கெட்டும் தூரம். முல்லைக் கூடாரத்தில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நான் அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தேன். அடி பிசகியது. இரண்டு பேரும் குப்புற விழுந்தோம், குறிஞ்சிக்காரிகள் எங்களைத் தாண்டிப் போனார்கள்.

கட்டை அவிழ்க்கும்போதே புவனா ஆரம்பித்துவிட்டாள். "கண்ண எங்கடி வச்சிருந்த? கோட்டுக்கிட்ட வந்து யாராச்சும் இளிப்பாங்களா? ஒன்னாலதான்டி போச்சு, எரும." சேர் ஏதோ சமாதானம் சொல்ல வந்தார், அவள் விடவில்லை. கூடாரத்திலும் ஒருத்தரும் என்னோடு பேசவில்லை. எனக்கு முகமெல்லாம் புழுதி, கண்ணில் நீர், ஆனால் உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். நானும் தோற்க வைக்கக்கூடிய ஆள்தான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுத்த வருஷம் சேருக்கு ஊர்ப்பக்கம் மாற்றம் கிடைத்தது. புதிதாக வந்தவரும் நல்லவர். "நீ கஷ்டப்படாதம்மா, வகுப்புலயே இரு" என்றார். மறுபடியும் ஜன்னல், கம்பி, பனி. புவனா படிப்பை விட்டுக் கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போனாள், அங்கிருந்து குவைத்துக்கு. முதலில் ஃபோன் பேசினாள், பிறகு அந்த நம்பர் வேலை செய்யவில்லை. அந்தத் திடலில் இப்போது தோட்டத்து லொறிகள் நிற்கின்றன.

எனக்கு டவுனில் ஒரு அலுவலக வேலை. நடக்க வேண்டாமென்று வாசலோரமாகவே மேசை போட்டுத் தந்திருக்கிறார்கள். வெளிவேலைக்கு அனுப்புவதில்லை, சுற்றுலாவுக்கும் கூப்பிடுவதில்லை, பாவம், கஷ்டம் என்று. போன மாதம் நான் விட்ட பிழையால் எல்லோரும் ஒருநாள் முழுக்கக் கூடுதலாக உட்கார்ந்து வேலை செய்தார்கள். என்னிடம் வந்து, "பரவாயில்லக்கா, நீங்க யோசிக்காதீங்க" என்று சிரித்துவிட்டுப் போனார்கள். புவனா போன பிறகு, உன்னால்தான் போச்சு என்று என்னை ஒருவரும் சொன்னதில்லை.